யூகோ சாகோவின் ராமன்

1983ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஜப்பானிலிருந்து வந்திருந்த ஆவணப்பட இயக்குநர் ஒருவர், ராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் நடக்கும் அகழாய்வுகளைப் படம்பிடிக்கிறார் என்பது அதன் சாரம். விசுவ இந்து பரிஷத் இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் போயிற்று. ராமாயணம் இந்தியாவின் மாபெரும் தேசியப் பாரம்பரியம், அந்நியர் எவரும் தம் விருப்பம்போல் அதைத் திரைப்படமாக்கிவிட முடியாது என்று அக்கடிதம் கூறியது.

அந்த இயக்குநரின் பெயர் யூகோ சாகோ. 1928இல் பிறந்தவர். தொல்லியலாளர் பி. பி. லால் அலகாபாத்துக்கு அருகே நிகழ்த்திவந்த அகழாய்வுகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பதே அப்போது அவருடைய வேலை. லாலின் அகழாய்வுக் களங்களுள் ஒன்று கங்கைக் கரையிலுள்ள சிருங்கவேரபுரம். கம்பனைப் படித்தவர்களுக்கு அது குகனின் ஊர். லாலின் பெயர் பிற்காலத்தில் அயோத்தி விவாதத்தில் பெரிதும் அடிபட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் 1983இல் அந்தப் புயல் இன்னும் தொலைவில் இருந்தது. குழிகளில் கிடைத்த ஓடுகளையும் செங்கற்களையும் படம்பிடிக்கத்தான் ஜப்பானியர் வந்திருந்தார். யாரும் எடுக்காத ஒரு திரைப்படத்துக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதப்பட்டுவிட்டது.

குழப்பம் தெளிந்தபின், எதிர்ப்புத் தெரிவித்தவர்களிடமே சாகோ தம் யோசனையை முன்வைத்தார். ராமாயணத்தை ஏன் அனிமேஷன் படமாக எடுக்கக் கூடாது? ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களை அவர் வாசித்திருந்தார். ராமன் கடவுள், ஆகவே ஒரு நடிகரைக் கொண்டு காட்டுவதைவிட ஓவியத்தால் காட்டுவதே பொருத்தம் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைச் சற்று நின்று யோசிக்கலாம். நாம் நடிகர்களின் வழியாகவே கடவுளைப் பார்த்துப் பழகியவர்கள். 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் என். டி. ராமராவ் ராமன், சிவாஜி கணேசன் பரதன். இன்றும் ஒரு தலைமுறைக்குப் பரதன் என்றால் சிவாஜியின் முகம்தான். 1987 ஜனவரியில் ராமானந்த சாகரின் தொடர் தூர்தர்ஷனில் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுவத்தி கொளுத்தி, அருண் கோவிலின் முகத்தில் ராமனைத் தரிசித்தது தேசம். நடிகர் நடிகராகவும் இருப்பார், கடவுளாகவும் இருப்பார். நமக்கு இதில் முரண்பாடு தோன்றியதே இல்லை. சாகோவுக்குத் தோன்றியது. நடிகருக்கு முந்தைய படம் ஒன்று இருக்கும், அடுத்த படம் ஒன்று இருக்கும். ஒரு கோட்டோவியத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அது அந்தக் கதைக்குள் மட்டுமே வாழும். வெளியிலிருந்து வருபவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய எளிய சிந்தனை இது என்று நினைக்கிறேன்.

இந்திய அரசு முதலில் இணங்கியது. இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக எடுக்கலாம் என்றது. பிறகு பின்வாங்கியது. ராமாயணம் உணர்வுபூர்வமான விஷயம், அதைக் கார்ட்டூனாகக் காட்டுவது தகாது என்பது தயக்கத்தின் காரணம். ‘கார்ட்டூன்’ என்ற சொல்லின் இரட்டை வாழ்வும் இத்தயக்கத்தில் பங்கு வகித்திருக்கும் என்றே தோன்றுகிறது. நம் நாளிதழ்களில் கார்ட்டூன் என்பது கேலிச்சித்திரம். மந்திரியின் மூக்கை நீட்டி வரைவது. தமிழில் சிறுவர்கள் சொல்லும் ‘பொம்மைப் படம்’ என்ற பெயரிலும் மரியாதை அதிகமில்லை. கடவுளைக் கேலிச்சித்திரமாக வரைவதா என்ற கேள்விக்கு அதிகாரிகளிடம் பதில் இருந்திருக்க முடியாது. அதோடு, எண்பதுகளின் பிற்பகுதிக்குள் ராமஜன்மபூமி இயக்கம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ராமனின் பெயரில் எந்தக் கோப்பில் கையெழுத்திடவும் யாரும் விரும்பாத காலம்.

ஆகவே படம் ஜப்பானில் தயாராயிற்று. 1990இல் வேலை தொடங்கியது. இரு நாடுகளையும் சேர்ந்த ஏறத்தாழ 450 கலைஞர்கள் பங்குகொண்டார்கள். சாகோவோடு இயக்கத்தில் கொய்ச்சி சசாகியும், இந்தியத் தரப்பிலிருந்து ராம் மோகனும் இணைந்தார்கள். இணையத்தில் இதை ஜிப்லி நிறுவனத்தின் படம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல, இதற்கெனவே ஏற்படுத்தப்பட்ட ஒரு ஜப்பானிய நிறுவனம் எடுத்த படம் இது.

ராம் மோகனைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர், 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அப்போது அங்கே பயிற்சியளிக்க வந்திருந்தவர் கிளேர் வீக்ஸ்; டிஸ்னியில் ‘பாம்பி’ படத்தில் பணியாற்றியவர். அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வந்த அவருடைய வழிகாட்டலில் 1957இல் ஜாதகக் கதையொன்றை ஒட்டி ‘பனியன் டீர்’ என்ற குறும்படம் உருவாயிற்று. பாம்பியின் மான் பம்பாய்க்கு வந்து போதிசத்துவரின் மானாக மறுபிறவி எடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தப் பட்டறையில் கைபழகிய ராம் மோகன், பிறகு சத்யஜித் ரேயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்துக்கு அனிமேஷன் பகுதியைச் செய்து கொடுத்தார். சொந்த நிறுவனம் நடத்தினார். விளம்பரப் படங்கள் செய்தார். ஒரு முழுநீளப் படத்துக்குரிய பணமும் ஆள்பலமும் இந்தியாவில் அவருக்குக் கிடைக்கவேயில்லை. அறுபது வயதை நெருங்கும்போது ஜப்பானிலிருந்து வாய்ப்பு வந்தது. தமக்கு மிகவும் பழக்கமான கதையை, தமக்குப் பழக்கமில்லாத தொழில்முறையில், வேற்றுமொழிக்காரர்களோடு சேர்ந்து அவர் வரைய வேண்டியிருந்தது.

இந்தக் கூட்டுழைப்பில் இந்தியர்கள் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தவை மிகச் சிறிய விஷயங்கள் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. வேட்டியை எப்படிக் கட்டுவது? பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவார்கள்? ஜப்பானியர் இடுப்பை வளைத்து வணங்குவார்கள். அந்த வளைவில் எத்தனை பாகை என்பதற்குக்கூட அவர்களிடம் கணக்குண்டு. நாம் குனிந்து காலைத் தொடுகிறோம். பெரியவரின் கை தலைமேல் வருகிறது. வாழ்நாளில் ஒருமுறைகூட இதைச் செய்யாத ஒருவர், அந்த அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைய வேண்டும். கை எந்த நொடியில் நீள்கிறது, பார்வை எந்த நொடியில் தாழ்கிறது? நமக்கு உடம்பில் ஊறிப்போனது அவர்களுக்குப் பாடமாயிற்று. அதனால்தானோ என்னவோ, இப்படத்தில் வணக்கங்கள் எல்லாம் நம் படங்களில் இருப்பதைவிட நிதானமாக நடக்கின்றன.

ராமகதை ஜப்பானுக்கு முற்றிலும் புதியதும் அல்ல. 3ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி காங் செங்ஹுய் சீன மொழியில் ஆக்கிய ஜாதகத் தொகுப்பொன்றில் பெயரில்லாத ஓர் அரசனின் கதை வருகிறது. போரைத் தவிர்ப்பதற்காக நாட்டைத் துறந்து காட்டுக்குப் போகிறான். அவன் மனைவியை ஒரு நாகம் தவசி வேடத்தில் வந்து கவர்ந்து செல்கிறது. ஒரு பறவை தடுக்கிறது. குரங்குகள் உதவுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ யசுயோரி தொகுத்த ‘ஹோபுட்சுஷூ’ என்ற ஜப்பானிய நூலில் இக்கதை மறுபடியும் சொல்லப்படுகிறது. அயோத்தி என்ற பெயரோ ராமன் என்ற பெயரோ இல்லாமலே கதை கடல் கடந்து போயிருக்கிறது. சீன வடிவத்தில் ஒரு விவரம் என்னை உறுத்துகிறது: மீட்கப்பட்ட அரசியை அரசன் ஐயுறுகிறான், நான் தூயவளாயின் நிலம் பிளக்கட்டும் என்கிறாள் அவள், நிலம் பிளக்கிறது. பெயர்கள் உதிர்ந்துபோன பிறகும் இந்தச் சோதனை மட்டும் கதையை விட்டுப் போகவில்லை. இதற்கு மீண்டும் வருகிறேன்.

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. ஐந்து வாரங்களுக்குப் பிறகு, 1993 ஜனவரி 10 அன்று தொடங்கிய இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், தில்லியில் இந்தப் படம் திரையிடப்பட்டது. அந்த நாட்களில் பம்பாய் எரிந்துகொண்டிருந்தது. ராமன் என்ற பெயரை ஒரு சுவரொட்டியில் அச்சிடுவதற்குக்கூட இரண்டுமுறை யோசிக்க வேண்டியிருந்த அந்தச் சூழலில், ஜப்பானியர் எடுத்த ஆங்கிலம் பேசும் ராமாயணத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக எந்த விநியோகஸ்தர் முன்வருவார்? பரவலான வெளியீடு அமையவேயில்லை. படத்துக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா, அதற்கு ஐந்தாண்டு முன்புதான் பிரிவினைக் கலவரங்களைச் சொல்லும் ‘தமஸ்’ தொடருக்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்றவர் என்பதை நினைக்கும்போது மனம் ஒருகணம் நின்றுபோகிறது.

பிறகு படம் ஓர் அனாதையைப் போல அலைந்தது. இந்தியில் குரல் சேர்க்கப்பட்டது. சாகரின் ராமனான அருண் கோவிலே ராமனுக்குக் குரல் கொடுத்தார். அதாவது நடிகர் வேண்டாம் என்று தொடங்கிய படத்துக்குள் நடிகரின் குரல் வழியாக வந்து சேர்ந்துவிட்டார். ராவணனுக்கு அம்ரீஷ் புரி. (நமக்கு அவர் ‘தளபதி’யின் கலிவரதன்.) 2001இல் அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கிய ஒரு வடிவம் வேறு இசையோடு வெளிவந்தது. அதில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் பிரையன் கிரான்ஸ்டன். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் பின்னாளில் புகழ்பெற்ற அதே நடிகர். அனிமேஷன் முழுநீளப் படத்துக்கு ஆஸ்கர் விருது வழங்க முதன்முதலாக முடிவு செய்த ஆண்டு அது. போட்டிக்குத் தகுதி பெற்ற ஒன்பது படங்களில் இதுவும் ஒன்று. பரிந்துரை மூன்றோடு நின்றது, ‘ஷ்ரெக்’ வென்றது. இந்தியாவில் அப்போது இந்தச் செய்தியைப் பெரிதாக யாரும் கவனித்ததாக நினைவில்லை.

கடைசியில் அடைக்கலம் கொடுத்தது கார்ட்டூன் நெட்வொர்க். 2000களின் தொடக்க ஆண்டுகளில் விடுமுறைக் காலங்களில் இந்தி வடிவம் அதில் ஒளிபரப்பாகும். அரசுகளும் விநியோகஸ்தர்களும் தொடத் தயங்கிய படம், டாம் அண்ட் ஜெர்ரிக்கு நடுவே, விளம்பர இடைவேளைகளோடு, சிறுவர்களிடம் வந்து சேர்ந்தது. கேலிச்சித்திரம் ஆகிவிடுமோ என்று அஞ்சப்பட்ட படத்தைக் கார்ட்டூன் என்றே எண்ணிப் பார்த்த ஒரு தலைமுறை அதை உயிராக நேசித்தது. நான் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆகவே பாட்டிதான் எங்களுக்குக் கதைசொல்லி. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ கல்கியில் தொடராக வந்தபோது வாராவாரம் படித்தவர். வாரியாரின் சொற்பொழிவுகளைத் தேடிப் போய்க் கேட்டவர். திரையில் ராமன் இந்தியில் ஏதோ சொல்வான். பாட்டி தனக்குத் தெரிந்த ராமாயணத்திலிருந்து அந்த இடத்துக்குரிய பேச்சை எடுத்து வைப்பார். இரண்டும் பொருந்தினவா என்று யார் பார்த்தார்கள்? இராவணன் சீதையைப் பற்றி இழுத்துப் போகும் காட்சியில் பாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “தொடவேல்லடி, பர்ணசாலையை நிலத்தோட பேத்து எடுத்துண்டு போனான்” என்பார். படம் வால்மீகியின் வழி. பாட்டி கம்பனின் வழி. கண் பார்த்தது ஒன்று, காது கேட்டது ஒன்று. எங்களுக்கு அதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. ஏ. கே. ராமானுஜன் ‘முந்நூறு ராமாயணங்கள்’ கட்டுரையில் விளக்கியதை, அப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாமல், தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 2011இல் தில்லிப் பல்கலைக்கழகம் அக்கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தரைதான்.

2025 ஜனவரி 24 அன்று, 4கே தெளிவில் புதுப்பிக்கப்பட்டு, ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. முதல் திரையிடலுக்கும் இதற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். அயோத்தியில் ராமர் கோயில் குடமுழுக்கு நடந்து சரியாக ஓராண்டும் இரண்டு நாட்களும். சாகோ 2012இலும், ராம் மோகன் 2019இலும், பாட்டியா 2021இலும் காலமாகிவிட்டிருந்தார்கள். தமிழ் வடிவத்துக்கு எங்கள் பகுதிப் பல்திரை அரங்கில் காலைக் காட்சி ஒன்று மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். இருபது பேர் இருந்திருப்போம். குழந்தைகள் குறைவு, முப்பதைக் கடந்தவர்களே அதிகம்.

பெரிய திரை முதலில் காட்டிக்கொடுப்பது வேலைப்பாட்டை. பழைய முறை அனிமேஷனில், பின்னணி முழுவதையும் தாளில் வண்ணம் தீட்டிவிடுவார்கள். அசையும் உருவங்களை மட்டும் செல் எனப்படும் கண்ணாடி போன்ற தாள்களில் கோடிழுத்து, மறுபுறத்தில் வண்ணம் பூசி, பின்னணியின்மேல் வைத்து ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடிப்பார்கள். இந்தப் படத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்கள் கையால் வரையப்பட்டதாக 2025 வெளியீட்டின் அறிவிப்புகள் கூறின. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியில் பின்னணியும் உருவமும் ஒரே கலங்கலில் கரைந்திருந்தன. திரையரங்கிலோ இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. காடு பல அடுக்கு நிறங்களில் ஆழ்ந்து போகிறது. அதன்முன் நடக்கும் ராமன் தட்டையான நிறமும் மெல்லிய கோடுமாக இருக்கிறான். இது குறையாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடு அங்கேயே இருந்தது. இவர்கள் மூவரும் வெளியிலிருந்து வந்து சிறிது காலம் அதன்மேல் நடந்துவிட்டுப் போகிறவர்கள். வனவாசத்தின் பொருளே அதுதானே.

அளவு இன்னொன்று. கும்பகர்ணன் எழுந்திருக்கும் காட்சி சிறுவயதில் சிரிப்பை வரவழைத்தது. பதினான்கு அங்குலத் திரையில் பேருருவம் என்பது ஒரு தகவல் மட்டுமே. அரங்கில் அவன் எழுந்து நிற்கும்போது, நம் தலை தானாக அண்ணாந்து பார்க்கிறது. இலங்கை எரியும் இரவுக்கும் இதே பேறு. அனுமன் கடலைத் தாண்டும் காட்சியில் அடிவானம் எவ்வளவு தாழ வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். திரையின் பெரும்பகுதி வெறும் வானம். அதை வரைந்தவருக்குத் தம் படம் ஒருநாள் பெரிய திரையில் ஓடும் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

எல்லாமே மேம்பட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். போர்க்காட்சிகளில் ஒரே வானரக் கூட்டம் திரும்பத் திரும்ப ஓடுவது பெரிய திரையில் மறையவில்லை. மந்தரை, கைகேயி பகுதி இப்போதும் அவசரமாகவே நகர்கிறது; கம்பன் ஒரு படலம் முழுக்கப் பிசைந்து பிசைந்து காட்டிய மனமாற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தமிழ்க் குரல்கள் தெளிவானவை, பாவம் நிறைந்தவை, ஆனால் எல்லாரும் ஒரே மேடையில் நிற்பதுபோல் பேசுகிறார்கள். இந்தியிலும் பழைய குரல்களை வைத்துக்கொள்ளாமல் புதிதாகப் பதிந்திருந்தார்கள். அம்ரீஷ் புரியின் ராவணன் இல்லையே என்று வடக்கத்திய ரசிகர்கள் வருந்தியது நியாயமே. எனக்கு அந்த வருத்தம் இல்லை. நான் கேட்ட ராவணனின் குரல் எந்த ஒலிநாடாவிலும் பதியப்பட்டதல்ல.

ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தபோது வேறொரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. 1983க்கும் 2025க்கும் இடையில் ராமன் என்ற பெயருக்கு இந்த நாட்டில் என்னென்னவோ நேர்ந்துவிட்டது. அந்தப் பெயரை முழக்கமாகக் கேட்டுப் பழகிவிட்ட காதுகளோடு இந்தப் படத்தைப் பார்க்க முடியுமா? படம் தொடங்கிச் சிறிது நேரம் வரையில் முடியவில்லை என்பதே உண்மை. படம் அதைத் தன் போக்கில் கரைத்தது. சாகோவின் ராமன் முழக்கத்துக்கு ஏற்றவன் அல்லன். அவன் குரலை உயர்த்துவதில்லை. மற்றவர்கள் பேசும்போது பொறுமையாகக் கேட்கிறான். பல காட்சிகளில் அவன் செய்வது கேட்பது மட்டும்தான். நம் நாட்காட்டி ஓவியங்களில் ராமனுக்கு இருந்த சாந்தத்தை, அண்மைக் காலச் சுவரொட்டிகளின் திரண்ட தோள்களும் நாணேற்றிய வில்லும் மூடிவிட்டன. ஜப்பானில் வரைந்து வைக்கப்பட்டதால் அந்தச் சாந்தம் இங்கே நடந்த எதுவும் படாமல் அப்படியே இருக்கிறது. அந்நியர் தொடக் கூடாது என்று 1983இல் எழுதிய கடிதத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. படம் பரவலாக வெளிவந்திருந்தால், கோடிகள் குவித்திருந்தால், அதற்கு உரிமை கொண்டாடப் பலர் வந்திருப்பார்கள். யாருக்கும் வேண்டாத படமாக இருந்ததே அதைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தச் சோதனைக்கு வருகிறேன். ராவணன் வீழ்கிறான், சீதை வருகிறாள், புஷ்பகத்தில் அனைவரும் அயோத்திக்குப் புறப்படுகிறார்கள். தீக்குளிப்பு இல்லை. ராமன் சொல்லும் அந்தக் கொடுஞ்சொற்கள் இல்லை. குழந்தைகளும் பார்க்கும் படம், வெளிநாட்டுப் பார்வையாளர்களை எண்ணி எடுத்த படம், இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டிய படம் என்று காரணங்கள் சொல்லலாம். எனினும், ஒரு தமிழ் வாசகருக்கு அந்த இடைவெளி உறைக்காமல் போகாது. 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசன’த்தில், சீதையே வந்து தான் தீக்குளித்ததைச் சொல்லக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கல்லூரியில் அதைப் படித்த பிறகு ராமாயணத்தின் எந்த வடிவத்திலும் நான் முதலில் தேடுவது அந்தத் தீயைத்தான். கம்பன் அதைத் தவிர்க்கவில்லை. ராமனின் வாயில் அத்தனை சுடுசொற்களையும் வைத்தான். ஆனால் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டான். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டத்தை அவன் பாடவில்லை. அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. சாகோ இன்னும் ஒரு படி முன்னதாகவே நிறுத்திவிட்டார். சீனத்துப் பெயரில்லாத அரசிக்குக்கூடக் கிடைக்காத சலுகை இந்தப் படத்தின் சீதைக்குக் கிடைத்திருக்கிறது.

இதைக் கருணை என்பதா, நழுவல் என்பதா என்று நெடுநாளாக யோசித்திருக்கிறேன். நழுவல்தான். சீதையிடம் கேட்கப்படாத கேள்வி, ராமனிடமும் கேட்கப்படாமல் போகிறது. அவன் சாந்தத்துக்கு அது ஒரு மலிவான பாதுகாப்பு. ஆனால் பத்து வயதில் அந்தக் கேள்வி என்னிடம் வராமல் இருந்ததற்காகப் படத்தின்மேல் எனக்குக் கோபமும் இல்லை. புஷ்பகம் மேகங்களுக்குள் போகும் இடத்தில் பாட்டி பேச்சை நிறுத்திக்கொள்வார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும். அதுவரை ஒரு காட்சியைக்கூட விளக்கமில்லாமல் விட்டிராதவர், அங்கே மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து போவார். ஒருமுறை என் அக்கா, “அப்பறம் என்ன ஆச்சு பாட்டி?” என்று கேட்டாள். “இதோட நின்னா தேவலை” என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.